பிளஸ் டூவுக்குப் பிறகு பாட்டுத்தான் என்றால்: இசைக் கல்லூரி வருடத்துக்கு நான்கு வழிகள்

நவராத்திரிக்கு என் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கொலுவைப் பார்ப்பதில்லை. சுண்டல் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு, மெல்ல ஆரம்பிப்பார்கள். "டீச்சர், இவ இப்ப பிளஸ் டூ. பாட்டுக் காலேஜ்லயே சேத்து விட்றலாமான்னு பாக்குறோம். மெட்ராஸா, பசுமலையா? இல்ல ஒரு வருசம் உங்ககிட்டயே இருக்கட்டுமா?"

மதுரை திருநகரில் இருபது வருடமாகப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். பசுமலை என்றால் எங்கள் ஊரிலேயே இருக்கிற அரசு இசைக் கல்லூரி. ஒவ்வொரு புரட்டாசியிலும் இதே கேள்வி. கேட்கிற நேரம் சரியானதுதான். காலாண்டுத் தேர்வு முடிந்திருக்கும், பொதுத்தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும். ஆனால் கல்லூரிப் பெயரில் தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம். அந்த ஒரு வருடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. எதை வைத்து அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

## அளக்க வேண்டியவை

காலை நேரம். விடிகாலை இரண்டு மணி நேரம் யார் கையில் இருக்கிறது? சாதகத்தின், அதாவது பாட்டுப் பயிற்சியின் கையிலா, டியூஷன் கையிலா, பஸ்ஸின் கையிலா? நான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்ப்பது இதைத்தான்.

காகிதம். சான்றிதழ், பட்டயம், பட்டம் மூன்றும் வேறு வேறு. டிகிரி கேட்கிற வேலைக்குப் பட்டயத்தோடு போய் நின்றால் ஜன்னலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேரும்போதே விவரக் குறிப்பில் எது எழுதியிருக்கிறது என்று படித்துவிட வேண்டும். 'மியூசிக் கோர்ஸ்' என்ற வாய்ச்சொல் போதாது.

வெளியே தெரியாத செலவு. அரசு நிறுவனங்களில் கட்டணம் பெரிய தொகை இல்லை. விடுதி, பயணம், மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுவது, வீணைக்கு மேளம் கட்டுவது என்று பக்கவாட்டில் வருவதுதான் கனக்கும்.

திரும்பி வர வழி. பதினேழு வயதில் எடுக்கிற முடிவு இது. தப்பிப் போனால் எத்தனை வருடம் நஷ்டம்?

குரலின் வயது. இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. பையன்களுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் நிலைக்கிற காலமும் பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற காலமும் ஒன்றாக வந்து விழும். ஐந்து கட்டை சுருதியில் பாடிக்கொண்டிருந்தவன் ஒரே வருடத்தில் ஒன்றரைக்கு இறங்கிவிடுவான். குரல் நிலைத்து ஆறு மாதம்கூட ஆகாத பையனை நேர்முகத் தேர்வில் உட்கார வைத்தால், ஏழு வருடம் கற்றதெல்லாம் ஏழு மாதம் கற்றது போலக் கேட்கும்.

## எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன கேட்பார்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் வழியைத் தேர்வு செய்ய முடியாது. பெற்றோர் நினைப்பது போல அது கச்சேரி அல்ல. பிள்ளை இரண்டு மாதம் உருப்போட்டு வைத்த பெரிய கீர்த்தனையைப் பல்லவியோடு நிறுத்திவிட்டு, "சரிம்மா, சரளி வரிசை மூணு காலம் பாடு" என்பார்கள். சரளி வரிசை பாட்டின் முதல் பாடம்; மூன்று காலம் என்றால் ஒன்றைவிட ஒன்று இரட்டிப்பு வேகம். அங்கேதான் பலர் சறுக்குவார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் விட்ட சரளி வரிசையை அதற்குப் பிறகு யார் தொட்டது? மூன்றாம் காலத்தில் கை ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும்.

தாளம் போடுகிற கையைத்தான் அதிகம் பார்ப்பார்கள். இதில் எங்களைப் போன்ற வீட்டு ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. வகுப்பில் நாங்களே தொடையில் தட்டிக்கொண்டிருப்போம், பிள்ளை அந்தச் சத்தத்தில் சாய்ந்து பாடிக்கொண்டிருக்கும். தனியாக உட்கார்ந்து ஒரு ஆதி தாள வர்ணத்தை (கீர்த்தனைக்கு முன்னால் கற்கிற உருப்படி) இரண்டு காலத்திலும் தன் கையால் தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கள். ஒரு ஆவர்த்தனத்திலேயே, ஒரு தாளச் சுற்றிலேயே, தெரிந்துவிடும்.

அடுத்தது காது. அவர்கள் பாடிக் காட்டுகிற சின்னச் சின்னப் பிடிகளைத் திருப்பிப் பாட வேண்டும், ராகம் எது என்று சொல்ல வேண்டும். சங்கராபரணத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றினால் கல்யாணி, எந்த ஸ்வரம் என்று கேட்டால் மத்யமம் என்று யோசிக்காமல் வர வேண்டும். கடைசியில் மேளகர்த்தா (தாய் ராகங்கள்), தாள அங்கம் (தாளத்தின் உறுப்புகள்) என்று இரண்டு கேள்வி. ஒரு வாரம் படித்தால் இது வந்துவிடும். மற்றவை வராது.

வாத்தியக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, வாத்தியம். வெயிலில் வந்த வயலின் சுருதி இறங்கியிருக்கும், ஏசி அறைக்குள் மிருதங்கம் வேறு மாதிரிப் பேசும். நாதஸ்வரக்காரப் பையன் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி, நன்றாகப் படிந்ததாக இரண்டு, கையில் இல்லாமல் கிளம்பக் கூடாது.

## வழி ஒன்று: பிளஸ் டூ படித்துக்கொண்டே விண்ணப்பிப்பது

பெரும்பாலோர் எடுக்கிற வழி. வருடம் வீணாகாது, பள்ளிச் சான்றிதழ்கள் புதுசாகக் கையில் இருக்கும், தோழிகளோடு சேர்ந்தே கல்லூரிக்குள் நுழையலாம்.

காகிதத்தில் அழகாகத் தெரிகிற இந்த வருடம் உண்மையில் எப்படி நடக்கிறது? நவராத்திரியில் கோயிலிலும் சபையிலும் பாட அழைப்பு வரும், பிள்ளை உற்சாகமாக இருக்கும். மார்கழியில் திருப்பாவைப் போட்டிகள். தை பிறந்ததும் திருப்புதல் தேர்வு. "பரீட்சை முடியட்டும் டீச்சர்" என்று ஒரு போன் வரும். அதோடு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதம் சுருதிப் பெட்டி அட்டத்தில் ஏறிவிடும். பரீட்சை முடிந்து வரும்போது சித்திரைத் திருவிழா. மதுரைப் பிள்ளையை அந்தப் பத்து நாள் வீட்டுக்குள் உட்கார வைக்க முடியுமா? அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு எண்ணிப் பார்த்தால் சில வாரங்கள்தான் மிஞ்சும். மே மாதம் மதிப்பெண் வரும், அதையொட்டி விண்ணப்பம், அழைப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

ஆகவே இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் வைக்கிற நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த மூன்று மாதமும் தினம் நாற்பது நிமிடம், வரிசையும் வர்ணமும் மட்டும். புதுப் பாட்டு வேண்டாம். அதற்கு ஒப்புக்கொள்ளாத வீட்டுக்கு இந்த வழி சரிப்படாது.

வெளியூர் நேர்முகத் தேர்வு என்றால் பயணத்தையும் கணக்கில் எடுங்கள். பாண்டியன் ரயிலில் ராத்திரி ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, பத்து மணிக்குப் பாடு என்றால் தொண்டை திறக்காது. முந்தின நாள் காலை வைகை ரயிலில் போய், அங்கே ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பாடட்டும். துணைக்கு ஒருவரும் சேர்ந்து போக, தங்க, சாப்பிட ஆகிற செலவை நாலு கல்லூரிக்குப் பெருக்கிப் பாருங்கள். ஐந்து, ஆறு இடத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். இரண்டு வெளியூர், ஒரு உள்ளூர். அதற்குமேல் போனால் சாதகம் செய்கிற நாட்களை ரயிலுக்குக் கொடுக்கிறோம்.

*யாருக்கு:* வர்ணம் ஏற்கெனவே இரண்டு காலத்திலும் நிற்கிற, குரல் நிலைத்த பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளில் பலருக்கு இதுவே போதும்.

## வழி இரண்டு: ஒரு வருடம் நிறுத்தி, குருவிடம் உட்காருவது

எனக்கு மனசுக்குள் பிடித்த வழி. ஆனால் பத்தில் ஒருவருக்குத்தான் சொல்வேன்.

காலை நேரம் முழுக்கச் சாதகத்துக்கு. டியூஷன் கிடையாது, திருப்புதல் கிடையாது. பெரியவர்கள் பலரும் வளர்ந்தது இப்படித்தான். மதுரை நாதஸ்வர மரபில் வந்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களைப் போன்றவர்களுக்கு வீடே கல்லூரி. ஆனால் அது குருவின் வீட்டிலேயே விழித்து, அங்கேயே தூங்கிய காலம். இன்றைக்கு வாரத்தில் மூன்று வகுப்பு, மிச்ச நாள் போன் என்று இருந்தால் அந்த வருடம் தீபாவளிக்குள் கரைந்துவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெளியே தெரியாத செலவு இங்கே பணம் அல்ல, வாய். "என்ன படிக்கிறா?" "வீட்டுலதான் இருக்கா." இந்தப் பதிலைக் கல்யாண வீடுகளில் பெண்ணைப் பெற்றவர் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை சொல்லும்போதே ஒருவர் ஜாதகம் கேட்பார்.

ஒரு கதவு உண்டு, பலருக்குத் தெரியாது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இளம் கலைஞர்களுக்குத் தருகிற உதவித்தொகை: 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். குறைந்தது ஐந்து வருடம் குருவிடம் கற்றிருக்க வேண்டும், அதற்கு குருவின் கடிதம் வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை இந்த வருடத்தில் பதினெட்டைத் தொடும் என்றால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

*யாருக்கு:* இப்போதுதான் குரல் உடைந்து நிலைத்த பையன்களுக்கு, தாளத்தில் அடிப்படையே ஆட்டம் காண்கிறவர்களுக்கு, முகூர்த்த நாட்களில் செட்டோடு வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட நாதஸ்வர, தவில் பிள்ளைகளுக்கு. ஆனால் ஒன்று: குருவே "ஒரு வருசம் என்கிட்ட விடுங்க" என்று சொன்னால் மட்டும். நாமாகப் போய்க் கேட்டு வாங்குகிற வருடம் நிற்காது.

## வழி மூன்று: உள்ளூரில் சேர்ந்துவிட்டு, கூடவே அஞ்சல்வழி டிகிரி

பசுமலையில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி 1979 முதல் இருக்கிறது. பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கலாம். குரலிசை, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், பரதம் என்று மூன்றாண்டுப் பட்டயம். ஊருக்குள்ளேயே சத்குரு சங்கீத சமாஜத்தின் வித்யாலயமும் இருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருப்பதாலேயே நம் ஆட்களுக்கு அதன் அருமை தெரியவில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு.

வீட்டு வகுப்பில் என்னால் தர முடியாத ஒன்று அங்கே கிடைக்கும். ஒரே கட்டடத்தில் பாட்டு, அடுத்த அறையில் மிருதங்கம், அதற்கடுத்து வயலின். என்னிடம் எட்டு வருடம் கற்ற பெண், மிருதங்கத்தோடு பாடியது அரங்கேற்றத்தன்று மட்டும்தான். பசுமலையில் சேர்ந்த இரண்டாம் மாதமே, மதிய இடைவேளையில் ஒரு மிருதங்கப் பையனை உட்கார வைத்துக்கொண்டு, அந்த நேரத்திலேயே மனதில் தோன்றுவதைப் பாடுகிற கற்பனை ஸ்வரம் பாடிப் பழகினாள். பாட்டின் வரி தொடங்குகிற எடுப்பில் தவறினால் பையன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு, நான் ஆறு மாதம் திட்டியதைவிட நன்றாக வேலை செய்தது.

குறை என்ன? ஒரே வகுப்பில் ஐந்து வருடம் கற்றவரும் புதிதாக வந்தவரும் இருப்பார்கள், முதல் வருடம் வேகம் குறைவாகத் தோன்றும். கையில் வருவது பட்டயம். அதற்குத்தான் கூடவே ஒரு டிகிரி என்கிறேன். ஒரே சமயத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வழிவிட்டது. ஒன்று நேரடி வகுப்பு, இன்னொன்று தொலைநிலை என்றால் நேரமும் இடிக்காது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழோ வரலாறோ எடுத்துக்கொண்டு, பகலில் பசுமலைக்குப் போகலாம். இரண்டு தேர்வும் ஒரே மாதத்தில் வந்து நெரிக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

பட்டயம் முடித்து, அதன்மேல் இசை ஆசிரியர் பயிற்சியும் முடித்து, பள்ளி வேலைக்குக் காத்திருக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அரசுப் பள்ளிச் சிறப்பாசிரியர் பணிக்கு 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைத்தது. அது வருடா வருடம் வருகிற தேர்வு அல்ல. அதை மட்டும் நம்பி இந்த வழியில் இறங்க வேண்டாம்.

*யாருக்கு:* வெளியூர் விடுதி கட்டுப்படியாகாத வீடுகளுக்கு, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு, உள்ளூர் குருவை விட மனமில்லாதவர்களுக்கு.

## வழி நான்கு: வேறு டிகிரி, மாலையில் பாட்டு

பி.காம் சேர்ந்துவிட்டு வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு வருவது. பணத்துக்கும் காகிதத்துக்கும் இதைவிடப் பத்திரமான வழி இல்லை. சாதகத்துக்கு இதைவிட மோசமான வழியும் இல்லை. பாட்டு ஆசையாக இருந்தால் போதும், தொழிலாக வேண்டாம் என்கிற வீட்டுக்கு இதுவே சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "மூணு வருசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று இதில் ஏறியவர்களில் என் வகுப்பிலிருந்து இசைக்குத் திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர்.

## ஒரே பார்வையில்

| வழி | காலைச் சாதகம் | கையில் வருவது | கவனிக்க வேண்டிய செலவு | தவறினால் |
|---|---|---|---|---|
| பிளஸ் டூவோடு விண்ணப்பம் | ஜனவரி முதல் மார்ச் வரை ஆபத்து | சேரும் இடத்தைப் பொறுத்து | பயணம், விடுதி | அதே ஜூனில் உள்ளூரில் சேரலாம் |
| ஒரு வருடம் குருவிடம் | முழுதும் | ஒன்றுமில்லை | ஊர் வாய், கட்டுப்பாடின்மை | ஒரு வருடம் போகும் |
| உள்ளூர் + அஞ்சல்வழி டிகிரி | நன்று | பட்டயமும் பட்டமும் | இரட்டைத் தேர்வு | டிகிரி கையில் நிற்கும் |
| வேறு டிகிரி, மாலைப் பாட்டு | மிகக் குறைவு | பட்டம் | பாட்டு தேய்வது | வேலை பார்க்கலாம் |

## வெளியூர்தான் என்றால் எந்த ஊர்

சென்னை அரசு இசைக் கல்லூரி 1949-ல் முசிறி சுப்ரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. அங்கே சேர்வதில் பாதி லாபம் வகுப்புக்கு வெளியே. மார்கழியில் சபாக்களில் காலை நேரக் கச்சேரிகளை இலவசமாகவே கேட்டுக்கொண்டு திரியலாம். கேள்வி ஞானத்துக்கு அந்த ஒரு மாதம் போதும். ஆனால் சென்னை வாடகை சென்னை வாடகைதான்.

திருவையாறு அரசு இசைக் கல்லூரி அமைதி விரும்புகிறவர்களுக்கு. தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர், ஆற்றங்கரை ஊர், மனசு அலையாது. ஊர் சின்னது என்று சலித்துக்கொள்கிற பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.

சிதம்பரத்தில் 1929-ல் அண்ணாமலைச் செட்டியார் ஆரம்பித்த இசைக் கல்லூரிதான் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை. தமிழிசையில் பிடிப்புள்ளவர்களுக்கும், பல்கலைக்கழகச் சூழல் வேண்டும் என்பவர்களுக்கும் அது பொருந்தும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் நான்கு வருடப் பட்டயம். உடை, நேரம், ஒழுங்கு எல்லாவற்றிலும் ஒரு கட்டு உண்டு. அதைப் பிள்ளை விரும்புமா என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

சர்ச்சில் கீபோர்டு வாசித்து வளர்ந்த பிள்ளைகளின் கணக்கு வேறு. அவர்கள் கண் சென்னையில் ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைப்பள்ளி மேல் இருக்கும். அங்கே கட்டணம் அரசுக் கல்லூரிக் கணக்கில் வராது, முதலிலேயே கேட்டுவிடுங்கள். மேற்கத்திய இசைக்கான ஏபிஆர்எஸ்எம் (லண்டன் தேர்வு அமைப்பு) கிரேடு தேர்வுகளை ஏணியாக வைத்து ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறாம் கிரேடு வாசிப்புக்குப் போக ஐந்தாம் கிரேடு தியரி கையில் வேண்டும். நம் ஊரில் வாசிப்பை மட்டும் ஓட்டிவிட்டு அங்கே வந்து நின்று விழிப்பவர்கள் அதிகம். இதே மாதிரி கிரேடு தேர்வு நடத்துகிற டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை.

பத்தாவதோடு நின்றுவிட்ட பிள்ளை என்றால் சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளைப் பாருங்கள். மூன்று வருடச் சான்றிதழ், கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். தேவாரத்தில் மனம் இருந்தால் மீனாட்சி கோயில் ஓதுவார் பயிற்சிப் பள்ளியையும் விசாரியுங்கள். அங்கே படிக்கிற காலத்திலேயே உதவித்தொகை உண்டு.

## டி.சி. விஷயம்

சில வருடம் முன்பு என் மாணவி ஒருத்தி, இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் ஜூனில் ஒரு கல்லூரியில் பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டாள். ஜூலையில் அவள் உண்மையில் விரும்பிய இடத்திலிருந்து அழைப்பு. முதல் கல்லூரி அலுவலகத்தில், "டி.சி. வேணும்னா மூணு வருசக் கட்டணத்தையும் கட்டிட்டு வாங்கிக்கங்க" என்றார்கள். அவளுடைய அப்பா பயந்து திரும்பிவிட்டார்.

மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. அதன் கீழ் வருகிற கல்லூரிகள் அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கும் முன்னாலோ விலகினால் முழுப் பணமும், அந்தப் பதினைந்து நாளுக்குள் விலகினால் தொண்ணூறு சதவீதமும் திரும்பத் தர வேண்டும். கடைசி நாள் கழிந்து முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே பயத்தில் ஓரிடத்தில் சேர்வது தப்பில்லை. அந்தக் கடைசி நாள் எது என்று எழுதி, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அசலைக் காட்டிவிட்டு, நகலைக் கொடுங்கள்.

இந்த நவராத்திரிக்கு வந்த பெண்ணை அன்றைக்கே சரளி வரிசை மூன்று காலம் பாடச் சொல்லிக் கேட்டேன். இரண்டாம் காலம் வரை கை நின்றது. முதல் வழி, பசுமலையும் சென்னையும் மட்டும் என்று முடிவாயிற்று. விஜயதசமிக்கு மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு சுருதிப் பெட்டியோடு வருகிறாள். ஆறு மணிக்கு இருந்த கெமிஸ்ட்ரி டியூஷனைச் சாயந்திரத்துக்கு மாற்றித் தருவாரா என்று கேட்க அவள் அம்மா போயிருக்கிறார்.